டர்பனில் கடை விரிக்க: ஏஜெண்டா, கிளையா, கம்பெனியா?

கோவையில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணா போன மாதம் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "ஏனுங்க தம்பி, டர்பன்ல நம்ம பேர்லயே கிளை போடறதுங்களா, இல்ல அங்க தனியா ஒரு கம்பெனி ஆரம்பிக்கறதுங்களா? எதுல வரி கம்மியோ அத மட்டும் சொல்லுங்க போதும்." கேள்வி இருபது நொடி. பதில் எழுத உட்கார்ந்தேன், ராத்திரி பதினொன்றாகியும் முடியவில்லை. திருப்பூர், கரூர், சிவகாசியிலிருந்தும் இதே கேள்வியோடு ஆட்கள் கூப்பிடுவதால் அந்தப் பதிலையே கொஞ்சம் சீர் செய்து இங்கே போடுகிறேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில். பதினோரு வருடமாக ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தில் வேலை. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் 1860-லிருந்து இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் நாலாம், ஐந்தாம் தலைமுறை. 'அண்ணா', 'அவ்வா' என்பதோடு தமிழ் நின்றுவிட்டது, ஆனால் காவடி எடுக்காமல் இருக்க மாட்டார்கள். மீதிப் பேர் என்னைப் போல விமானத்தில் வந்தவர்கள், அல்லது வரலாமா என்று யோசிக்கிறவர்கள். இந்தக் கட்டுரை அந்தக் கடைசி ஆட்களுக்கு.

பம்ப்புக்கு இங்கே சந்தை இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்தப் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு 'ஜோஜோ' பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க், டேங்குக்குப் பக்கத்தில் ஒரு பம்ப். அண்ணா கணக்குப் போட்டது சரிதான். அவர் கேட்ட கேள்விதான் தப்பு.

ஏனென்றால், 'எதில் வரி கம்மி' என்று கேட்டால் விடை ஒரே வரி: இரண்டிலும் 27 சதவீதம். வெளிநாட்டுக் கம்பெனியின் கிளைக்கு 33 சதவீதம் என்று தனி விகிதம் இருந்த காலம் 2012-லேயே முடிந்துவிட்டது. 2023 மார்ச் 31 முதல் முடியும் கணக்காண்டுகளுக்கு, கிளையோ உள்ளூர்க் கம்பெனியோ, லாபத்தில் 27. வாட் வரி இரண்டுக்கும் 15. சம்பள வரி, வேலையில்லாக் காலக் காப்பு நிதி எல்லாம் ஒன்றே. வித்தியாசம் இருப்பது வேறு மூன்று இடத்தில்: லாபம் கோவைக்குப் போகும் வழியில், ஏதாவது தப்பு நடந்தால் யார் சொத்து மாட்டும் என்பதில், வருடம் முழுக்க யார் எத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில்.

முதலில் மூன்றாவது வழி

அண்ணா கேட்காத ஒரு வழியும் உண்டு. இங்கே எதையும் பதிவு செய்யாமல், உள்ளூர் வியாபாரி ஒருவருக்குச் சரக்கை விற்றுவிடுவது. அவர் இறக்குமதி செய்வார், சுங்கம் கட்டுவார், விற்பார். கோவைக் கம்பெனிக்கு இது வெறும் ஏற்றுமதி. இங்கே லாப வரியும் இல்லை, ரிட்டர்னும் இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்த வியாபாரி தன் சரக்காக வாங்கி விற்க வேண்டும். 'சரக்கு உங்களுடையது, நான் உங்கள் பேரில் ஆர்டர் பிடித்து ஒப்பந்தம் முடித்துத் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்' என்று வழக்கமாக நடந்தால், இந்தியா-தென்னாப்பிரிக்கா வரி உடன்படிக்கைப்படி உங்களுக்கே இங்கே ஒரு நிலையான தொழிலிடம் இருப்பதாக ஆகிவிடலாம். அப்புறம் பதிவு செய்யாத கிளை ஒன்றை நடத்திய கதைதான். சர்வீஸ் பார்க்க என்று கோவையிலிருந்து மெக்கானிக்கை அனுப்பி மாதக்கணக்கில் தங்க வைப்பதும் அதே குழியில் இறக்கும்.

முதல் வருடத்துக்கு இது நல்ல வழி. லாபத்தில் பாதியை வியாபாரி சாப்பிடுவார், அது உண்மை. ஆனால் சந்தை எப்படி, எந்த மாடல் ஓடுகிறது, பாக்கி எப்படி வசூலாகிறது என்று ஒரு வருடம் பார்க்கக் கொடுக்கும் கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளை: பேர் ஒன்று, தலை ஒன்று

கிளை என்று நாம் சொல்வதை இங்கே 'எக்ஸ்டர்னல் கம்பெனி' என்கிறார்கள். கோவைக் கம்பெனியேதான் இங்கேயும் தொழில் செய்கிறது, தனி ஆள் பிறக்கவில்லை. தொழில் தொடங்கி 20 வேலை நாளுக்குள் கம்பெனிப் பதிவு ஆணையமான சிஐபிசி-யில் பதிய வேண்டும். இங்கே ஒரே ஒருவரை வேலைக்கு எடுத்து ஒப்பந்தம் போட்டாலே தொழில் தொடங்கியதாகக் கணக்கு. பலருக்கு இது தெரியாது. 'ஆபீஸ் இன்னும் எடுக்கவில்லையே' என்பார்கள். ஆபீஸ் எடுக்கவில்லை, ஆனால் சேல்ஸ்மேன் ஆறு மாதமாகச் சம்பளம் வாங்குகிறான்.

கிளையின் பெரிய வசதி, தொடக்கத்து நஷ்டம். முதல் இரண்டு வருடம் குடோன் வாடகை, வண்டி, ஆள் சம்பளம் என்று போகும், விற்பனை மெதுவாக வரும். கிளை நஷ்டம் கோவைக் கம்பெனியின் நஷ்டமே என்பதால் அங்கே இருக்கும் லாபத்தில் அதைக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. தனிக் கம்பெனி என்றால் அந்த நஷ்டம் இங்கேயே அடைபட்டுக் கிடக்கும். பின்னால் லாபம் வரும்போது கழிக்கலாம், அதற்கும் ஒரு மூடி போட்டிருக்கிறார்கள்: 2023-லிருந்து ஒரு வருடத்தில் 10 லட்சம் ராண்ட் அல்லது அந்த வருட வரிக்குரிய வருமானத்தில் 80 சதவீதம், எது அதிகமோ அதுவரைதான் பழைய நஷ்டத்தைக் கழிக்க முடியும்.

தொல்லை எங்கே என்றால், சரக்கு வந்து இறங்கும்போது. ஒருமுறை டர்பன் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் நின்றது. கிளியரிங் ஏஜெண்ட் பி.எல். எனும் கப்பல் சரக்கு ரசீதின் நகலை என் மேசையில் வைத்துவிட்டு விரலால் இரண்டு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். மேலே அனுப்புபவர் பேர், கீழே பெறுபவர் பேர். இரண்டும் ஒரே கம்பெனி, எழுத்துகூட மாறவில்லை. "அண்ணா, ஒரு ஆள் தனக்குத்தானே எப்படி விற்பான்?" என்றார். அதுதான் விஷயம். தலைமை அலுவலகத்திலிருந்து கிளைக்குப் போகும் சரக்கில் விற்பனை என்று ஒன்று நடக்கவில்லை, பில்லில் போட்ட விலையை அப்படியே சுங்க மதிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. வேறு முறையில் மதிப்பைக் காட்டி, அதற்கு ஆதாரம் கொடுத்து வெளியே எடுப்பதற்குள் துறைமுக வாடகை ஏறிவிட்டது. தனிக் கம்பெனி என்றால் வாங்குபவர், விற்பவர் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். உறவுக் கம்பெனிகள் என்பதால் 'சொந்தக்காரனுக்கு விலை குறைத்தீர்களா' என்ற கேள்வி அங்கேயும் வரும், ஆனால் அதற்குப் பதில் சொல்ல ஒரு பில்லாவது கையில் இருக்கும்.

இன்னொன்று, பெரியது. இந்த நாட்டில் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயமோ சேதமோ ஆனால் தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விற்றவர் எல்லோரையும் அது பிடிக்கும். கவனக்குறைவு இருந்ததா என்று நிரூபிக்கத் தேவையில்லை. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த பொருளை விற்கிறவர் இதை மூன்று தடவை படிக்க வேண்டும். தனிக் கம்பெனி வைத்தாலும் தயாரிப்பாளர் என்ற முறையில் கோவை முழுக்கத் தப்பாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடோன் வாடகை, ஊழியர் வழக்கு, கடைக்காரர் பாக்கி, வரி பாக்கி என்று மற்ற எல்லாவற்றுக்கும் கம்பெனி என்ற சுவர் நிற்கும். கிளையில் சுவரே கிடையாது. கோவைப் பட்டறையின் லேத் மெஷின் வரைக்கும் கணக்கில் வரும்.

கம்பெனி: சுவரும் உண்டு, சாவிக்கொத்தும் உண்டு

தனிக் கம்பெனியைப் பதிவு செய்வது இங்கே ஆச்சரியமான அளவுக்கு மலிவு. வழக்கமான சாசனத்தோடு பதிய 125 ராண்ட், பேர் ஒதுக்க 50. இயக்குநர் இந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அண்ணா கோவையில் இருந்தபடியே இயக்குநராகலாம்.

ஆனால் வரித்துறைக்கு, இங்கே எல்லோரும் சொல்கிறபடி சார்ஸுக்கு, இந்த மண்ணில் குடியிருக்கும் ஒரு மனிதர் வேண்டும். 'பப்ளிக் ஆபீஸர்' என்று பேர். தொழில் தொடங்கி ஒரு மாதத்துக்குள் நியமிக்க வேண்டும். கிளைக்கும் இது உண்டு. கம்பெனியின் எல்லா வரிக் காகிதத்துக்கும் அவர்தான் முகம், சில சூழ்நிலைகளில் அவர் கைப்பணத்தையே கேட்கும் அளவுக்குப் பொறுப்பு போகும். சொந்தக்காரர் பையன் இங்கே படிக்கிறான், அவனைப் போட்டுவிடலாம் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கம்பெனியில் பலர் கோட்டைவிடும் இடம் பங்குச் சான்றிதழ். வெளிநாட்டவர் பேரில் இருக்கும் பங்குச் சான்றிதழை அந்நியச் செலாவணி அனுமதி பெற்ற வங்கியில் கொடுத்து, 'குடியிருப்பவர் அல்லாதவர்' என்ற முத்திரை வாங்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. எங்களிடம் வந்த ஒரு மளிகை இறக்குமதிக்காரர் இதைச் செய்யவில்லை. நாலு வருடம் வியாபாரம் நன்றாக நடந்தது, முதல் டிவிடெண்ட், அதாவது பங்குதாரருக்கான லாபப் பங்கு, அனுப்பப் போனார். வங்கியில் அந்தப் பெண் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார், முன்பக்கம் பார்த்தார், மறுபடியும் பின்பக்கம். முத்திரை இல்லை. மூலதனமாகப் போட்ட பணம் எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து, என்ன காரணக் குறியீட்டோடு உள்ளே வந்தது என்று பழைய ரசீதுகளைத் தோண்டியெடுத்துக் காட்டி முடிக்க எட்டு மாதம். பணம் அதுவரை இங்கேதான் உட்கார்ந்திருந்தது, ராண்ட் அதன் பாட்டுக்கு இறங்கியது.

கோவைக் கம்பெனி இங்குள்ள கம்பெனிக்குக் கடனாகப் பணம் கொடுப்பதும் அப்படித்தான். வட்டி, தவணை எல்லாம் எழுதி வங்கி வழியாக முன்அனுமதி வாங்கிய பிறகுதான் பணம் வர வேண்டும். முதலில் பணம், அப்புறம் காகிதம் என்றால் திரும்ப அனுப்பும்போது அழ வேண்டியிருக்கும். 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா, கறுப்புப்பணத்தைத் தடுப்பதில் குறையுள்ள நாடுகளுக்கான உலகக் கண்காணிப்புச் 'சாம்பல் பட்டியலில்' விழுந்தது, 2025 அக்டோபரில்தான் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் பழகிய வங்கிகளின் கேள்வி கேட்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது. கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்ற விவரத்தையும் 2023 மே முதல் சிஐபிசி-யில் பதிந்தே ஆக வேண்டும். கோவைக் கம்பெனியின் பேரைப் போட்டு நிறுத்த முடியாது. அதன் பின்னால் இருக்கும் அண்ணா, அண்ணி, அவர்கள் பங்கு வரை போக வேண்டும்.

ஆடிட்டுக்கு வருவோம். சின்னக் கம்பெனிகளுக்கு இங்கே முழு ஆடிட் கட்டாயமில்லை. ஊழியருக்கு ஒரு புள்ளி, பத்து லட்சம் ராண்ட் விற்பனைக்கு ஒரு புள்ளி என்று கூட்டிக்கொண்டே போய் 350-ஐத் தொட்டால் ஆடிட்; கணக்கறிக்கையை வெளியாள் இல்லாமல் கம்பெனிக்குள்ளேயே தயாரித்தால் 100-லேயே ஆடிட். உரிமையாளர்கள் எல்லோரும் இயக்குநர்களாகவும் இருந்தால் அதற்குக் கீழான சுயேச்சையான சரிபார்ப்பிலிருந்தும் விலக்கு. இதைப் படித்துவிட்டு 'நான்தான் முதலாளி, நான்தான் இயக்குநர், எனக்கு விலக்கு' என்று வருவார்கள். பங்கு உங்கள் பேரில் இல்லையே! கோவைக் கம்பெனியின் பேரில் இருக்கிறது, ஒரு கம்பெனி இயக்குநராக உட்கார முடியாது. அதனால் விலக்கு கிடைக்காது, குறைந்தபட்சம் சரிபார்ப்புக்கான செலவைப் பட்ஜெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

சிறு தொழில் கம்பெனிகளுக்கான குறைந்த வரி விகிதமும் இதே கதை. விற்பனை 2 கோடி ராண்டுக்குள் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பங்குதாரர்கள் எல்லோரும் தனிமனிதர்களாக இருக்க வேண்டும், அவர்களுக்கு வேறு கம்பெனியில் பங்கு இருக்கக் கூடாது. சரி, கோவைக் கம்பெனி வேண்டாம், என் சொந்தப் பேரிலேயே பங்கு வாங்குகிறேன் என்றாலும், கோவைக் கம்பெனியில் உங்களுக்குப் பங்கு இருக்கிறதே. கதவு சாத்தியாகிவிட்டது.

நூறு ராண்ட் ஊருக்குப் போகும் வழி

இதுதான் அண்ணா உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இங்கே 100 ராண்ட் லாபம், முழுவதையும் கோவைக்கு எடுத்துப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கோவைக் கம்பெனி இந்தியாவின் புதிய வரி முறையில், கூடுதல் வரிகளும் சேர்த்து 25.17 சதவீதம் கட்டுகிறது.

கிளையில்: இங்கே 27 போய்விடும். மீதி 73-ஐ அனுப்பும்போது மேற்கொண்டு வரி இல்லை, ஏனென்றால் இது டிவிடெண்ட் அல்ல, ஒரே கம்பெனி தன் பணத்தை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுகிறது. இந்தியாவில் அந்த 100-க்கும் 25.17 வரி வரும், ஆனால் இங்கே கட்டிய 27-ஐக் கழித்துக்கொள்ளலாம், பூஜ்யம் ஆகிவிடும். மிச்சமிருக்கும் 1.83-ஐ யாரும் திருப்பித் தர மாட்டார்கள். கையில் 73.

கம்பெனியில்: 27 போக 73. டிவிடெண்டாக அனுப்பும்போது இந்த நாட்டு டிவிடெண்ட் வரி 20 சதவீதம். இந்தியாவோடு உள்ள உடன்படிக்கைப்படி அது 10 சதவீதமாகும். பணம் அனுப்புவதற்கு முன்பே அதற்கான உறுதிமொழிப் படிவம் கையில் இருந்தால்தான் இந்தச் சலுகை. இல்லாவிட்டால் 20 பிடித்துவிட்டு அப்புறம் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். 10 என்று வைத்தால் 7.30 போய் 65.70. இந்தியாவில் 73-க்கு 25.17 சதவீதம், அதாவது 18.37. அதில் இங்கே பிடித்த 7.30 கழியும், 11.07 கட்ட வேண்டும். கம்பெனி இங்கே கட்டிய 27-க்கு வழக்கமாக அங்கே கழிவு கிடையாது. கையில் 54.63.

73 எங்கே, 54.63 எங்கே! இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் எவரும் கிளைக்குத்தான் ஓடுவார். ஆனால் அண்ணாவிடம் திருப்பிக் கேட்டேன்: "முதல் அஞ்சு வருஷம் லாபத்தை ஊருக்கு எடுத்துட்டுப் போவீங்களா?" "எங்கீங்க தம்பி, வர்றத எல்லாம் அங்கயே சரக்குல போடோணும்." அப்படியென்றால் கம்பெனியில் 100-க்கு 27 கட்டிவிட்டு 73-ஐயும் இங்கேயே சுற்ற விடலாம். டிவிடெண்ட் கொடுக்காதவரை இந்தியாவில் வரி இல்லை, நிர்வாகம் உண்மையிலேயே இங்கே நடக்கிறது என்று காட்ட முடிந்தால். எல்லா முடிவும் கோவை மேசையிலிருந்து ஃபோனில் நடந்தால் 'இந்தக் கம்பெனியே இந்தியாவில் குடியிருப்பதுதான்' என்று அங்கே சொல்லிவிட இடமுண்டு. கோவைக் கம்பெனி அந்த டிவிடெண்டைத் தன் பங்குதாரர்களுக்கே காலத்தில் பிரித்துக் கொடுத்தால், அந்த 11.07-க்கும் கழிவு கேட்கலாம். முதலாகப் போட்டதில் ஒரு பகுதியை முறையாக அனுமதி வாங்கிய கடனாகக் கொடுத்திருந்தால், அசல் திரும்பப் போகும்போது அது டிவிடெண்டே அல்ல.

அதனால் என் கணக்கில் இது வரிக் கேள்வியே அல்ல, 'பணம் எங்கே தங்கப் போகிறது' என்ற கேள்வி. வருடா வருடம் எடுத்துப் போகிற ஆள், அல்லது இரண்டு வருடத்தில் ஒரு வேலையை முடித்துக் கிளம்புகிற ஆள், கிளை போடட்டும். ஒரு ஊரில் குழாய் பதிக்கும் ஒப்பந்தம் எடுத்து வருகிறவருக்குக் கிளைதான் சரி. கடை நடத்தி வளர்க்கிறவருக்குக் கம்பெனி.

கிளையில் தொடங்கி அப்புறம் கம்பெனியாக மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். முடியும். ஆனால் சட்டத்தின் பார்வையில் ஒருவர் இன்னொருவருக்குத் தொழிலைக் கைமாற்றுகிறார். புது வரி எண், புது வாட் எண், புது வங்கிக் கணக்கு, ஊழியர் எல்லோருக்கும் மாற்றம். வாடகை வீட்டைக் காலி செய்வது போலத்தான், நினைப்பதைவிடப் பெட்டிகள் அதிகம் இருக்கும்.

இந்தியப் பக்கத்துக் காகிதத்தையும் மறக்கக் கூடாது. கம்பெனி என்றால் அது வெளிநாட்டு நேரடி முதலீடு. வங்கி வழியாக ரிசர்வ் வங்கியின் தனி எண் வாங்க வேண்டும், ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை, ஜூலை 15-க்குள் வெளிநாட்டுச் சொத்து-கடன் விவரம். இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே விலை நியாயமானதுதான் என்ற பரிமாற்ற விலை அறிக்கை வேறு. கிளை என்றால் இந்தப் பட்டியல் குறைவு, ஆனால் அனுப்பும் பணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது: தொடக்கச் செலவுக்குக் கடந்த இரண்டு வருடச் சராசரி விற்பனையில் 15 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் 25 சதவீதம், எது அதிகமோ அது, நடப்புச் செலவுக்குச் சராசரி விற்பனையில் 10 சதவீதம்.

காலண்டர்

எது போட்டாலும் இந்தத் தேதிகளிலிருந்து தப்ப முடியாது. மாதம் 7-ஆம் தேதி: சம்பள வரி, காப்பு நிதிக்கு முதலாளி ஒன்று, ஊழியர் ஒன்று என்று 2 சதவீதம், வருடச் சம்பளம் 5 லட்சம் ராண்டைத் தாண்டினால் திறன் வளர்ப்பு வரி 1 சதவீதம். 7-ஆம் தேதி ஞாயிறாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாள், பிந்தையது அல்ல. சம்பள வரியின் சுருக்கப் பேரான PAYE-ஐ எழுத்துக் கூட்டிப் படித்தால் 'பேயே' என்று வரும். என் மனைவி அதைப் பேய் வரி என்றுதான் சொல்வாள். மாதா மாதம் 6-ஆம் தேதி ராத்திரி நான் வீட்டுக்கு வரும் முகத்தைப் பார்த்து வைத்த பேர்.

வாட் பெரும்பாலோருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஈ-ஃபைலிங்கில் போட்டால் மாதக் கடைசி வேலை நாள் வரை நேரம். தவறினால் பாக்கியில் 10 சதவீதம் அபராதம், வட்டி தனி. இறக்குமதியில் வாட் வரும் விதத்தைப் புதிதாக வருகிறவர்கள் தப்பாகவே போடுகிறார்கள். 1 லட்சம் ராண்ட் சரக்குக்கு 15,000 என்று நினைப்பார்கள். சுங்க மதிப்போடு முதலில் 10 சதவீதம் கூட்டுவார்கள், அதன் மேல் தீர்வையைக் கூட்டுவார்கள், அப்புறம்தான் 15 சதவீதம். தீர்வையே இல்லையென்றாலும் 16,500. வாட் பதிவு இருந்தால் இது திரும்பக் கிடைக்கும் பணம். ஆனால் சரக்கை எடுக்கும் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். அதனால் இறக்குமதி செய்கிறவர் பதிவு வரம்பை எட்டட்டும் என்று காத்திருக்காமல் முதலிலேயே பதிவுக்கு முயல்வது நல்லது.

திரும்பக் கேட்கும்போது பில் சரியாக இருக்க வேண்டும். 5,000 ராண்டுக்கு மேல் போனால் வாங்குபவரின் பேர், முகவரி, வாட் எண் எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். 4-இல் தொடங்கும் பத்து இலக்க எண் அது. குடோன்காரர் பில்லில் கோவை முகவரியைப் போட்டுவிட்டார் என்பதற்காக ஒரு காலாண்டு பணம் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். இந்த நாட்டு அரசியல் சட்டத்தில் வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பேரும் எழுதியிருக்கிறது. அதை நம்பித் தமிழில் பேரேடு எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

விகிதத்தைப் பற்றியும் ஒன்று. 2025 மார்ச்சில் வாட் மே 1 முதல் 15.5 ஆகும் என்று பட்ஜெட்டில் சொன்னார்கள். ஏப்ரல் 24-ஆம் தேதி, ஒரு வாரம் இருக்கும்போது, இல்லை என்றார்கள். எங்கள் ஹார்ட்வேர் கடைக்காரர் ஒருவர் அதற்குள் விலைச்சீட்டு எல்லாம் மாற்றி அடித்து வைத்திருந்தார். இங்கே 'ஜஸ்ட் நவ்' என்றால் எப்போது வேண்டுமானாலும் என்று அர்த்தம். வரித்துறைக்கு நீங்கள் அப்படிச் சொல்ல முடியாது, அவர்கள் சொல்லலாம்.

லாப வரிக்கு முன்பணம் வருடத்தில் இரண்டு தடவை: ஆண்டு தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஒன்று, ஆண்டு முடியும் நாளுக்குள் ஒன்று. இரண்டாவதில் வருமானத்தைக் குறைத்து மதிப்பிட்டால் 20 சதவீதம் வரை அபராதம் வரும். அப்புறம் ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் ரிட்டர்ன். சிஐபிசி-க்கு ஒவ்வொரு வருடமும் பதிவான தேதியிலிருந்து 30 வேலை நாளுக்குள் ஆண்டறிக்கை; கிளைக்கும் உண்டு. வரிக் காகிதம் ஐந்து வருடம், கம்பெனிக் காகிதம் ஏழு வருடம் பத்திரமாக இருக்க வேண்டும்.

கணக்காண்டை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் பிப்ரவரிக் கடைசி என்று போய்விடும். கோவையில் மார்ச் 31. ஒரு மாத வித்தியாசத்துக்காக ஒவ்வொரு வருடமும் இரண்டு ஆடிட்டர்களும் சரக்குக் கணக்கை இரண்டு தடவை எடுக்க வைப்பார்கள்.

அண்ணாவுக்கு நான் எழுதிய பதில் இது: முதல் வருடம் உள்ளூர் வியாபாரி ஒருவருக்கு நேராக விற்றுப் பாருங்கள், கமிஷன் பேச்சு வேண்டாம். ஓடினால் கம்பெனி, மார்ச் ஆண்டு முடிவு, பாதி மூலதனம், பாதி அனுமதி வாங்கிய கடன். பங்குச் சான்றிதழ் வந்த வாரமே வங்கி முத்திரை. விற்பனை 1 கோடி ராண்டுக்குள் இருக்கும்வரை ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை வைத்தே கறுப்பின மக்களின் பொருளாதாரப் பங்கை உயர்த்த அரசு வைத்திருக்கும் தரவரிசையில் நாலாம் நிலை கிடைக்கும், நகராட்சி டெண்டருக்குப் போகும்போது அது கை கொடுக்கும்.

மறுநாள் காலை அடுத்த குரல் செய்தி வந்தது. "எல்லாம் சரிங்க தம்பி. அந்த பப்ளிக் ஆபீஸரு, அது நீங்களே இருந்துக்குங்க." இருக்கிறேன் அண்ணா, ஆனால் வங்கிக் கணக்கைப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டும், சம்பளக் கணக்கு மாதம் 3-ஆம் தேதி என் மேசையில் இருக்க வேண்டும் என்று பதில் போட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.